டிராக்டர் கொக்கியின் உயரமும் டிரெய்லர் வளையத்தின் உயரமும்: அளந்து பொருத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் டிராக்டர் உழும் நேரத்தைவிடப் பாரம் இழுக்கும் நேரமே பல வீடுகளில் அதிகம். கண்மாயில் அள்ளிய வண்டல் மண், சூளையிலிருந்து வரும் செங்கல், சோழவந்தான் பக்கத்து நெல் மூட்டை, வாடிப்பட்டி வயல்களின் வைக்கோல், கோடையில் தெருத்தெருவாகச் செல்லும் தண்ணீர் டேங்கர் என இவற்றுள் பெரும்பாலானவை ஒற்றை அச்சும் இரண்டு சக்கரமும் கொண்ட டிரெய்லரில்தான் போகின்றன. டிராக்டரை ஓரிடத்தில் வாங்கி, டிரெய்லரை வேறொரு பட்டறையில் செய்வித்து, இரண்டையும் ஒரு ‘பின்’ (இணைப்பு ஆணி) போட்டுக் கோத்துவிட்டால் வேலை முடிந்ததாகவே பலரும் கருதுகின்றனர். டிராக்டரின் பின்புறக் கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, டிரெய்லர் பெட்டி மட்டமாக நிற்கும்போது அதன் முன்தண்டின் நுனியில் உள்ள வளையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப் பிடித்துப் பார்ப்பவர் குறைவு. இந்த இரண்டு அளவும் பொருந்தாத வண்டி சமதளச் சாலையில் எந்தக் குறையும் காட்டாமல் ஓடும். கண்மாய்க் கரையில் ஏறும்போதும், இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போதும்தான் அதன் குணம் வெளிப்படும்.

இங்கே சொல்லப்படுபவை 35 முதல் 50 எச்.பி. வரையுள்ள, பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டிராக்டரையும் இரண்டு சக்கர டிரெய்லரையும் மனத்தில் கொண்டவை. நான்கு சக்கர டிரெய்லரின் கணக்கு வேறு என்பதால் அதைத் தனியாகப் பின்னர் பார்க்கலாம்.

உயரம் மாறினால் என்ன மாறுகிறது

இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தின் பெரும்பகுதியை அதன் சக்கரங்களும், மீதியைக் கொக்கியின் வழியாக டிராக்டரின் பின்பகுதியும் சுமக்கின்றன. மாட்டு வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்த்து மூட்டை அடுக்கியதும் இந்தக் கணக்கைக் கொண்டே. டிரெய்லரும் சரக்குமாக மொத்தம் 4 டன், வளையத்திலிருந்து அச்சு வரை 3 மீட்டர், மொத்த எடையின் மையம் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் என்று வைத்துக்கொண்டால், கொக்கியில் இறங்கும் பாரம் 400 கிலோ. இந்த முன்பாரம்தான் டிராக்டரின் பின்சக்கரங்களைத் தரையில் அழுத்தி, வழுக்காமல் இழுக்கவும், பிரேக் பிடித்தால் நிற்கவும் உதவுகிறது.

இப்போது டிராக்டரின் கொக்கி 15 செ.மீ. கூடுதல் உயரத்தில் இருப்பதால் பெட்டியின் முன்பகுதி தூக்கி நிற்கிறது என்று கொள்வோம். மண் பாரத்தில் எடையின் மையம் அச்சுக்கு மேலே ஏறத்தாழ 80 செ.மீ. உயரத்தில் இருந்தால், இந்தச் சாய்வினால் அது 4 செ.மீ. பின்னால் நகரும், முன்பாரம் சுமார் 350 கிலோவாகக் குறையும். இது பெரிய இழப்பன்று. ஆனால் வைக்கோலின் கணக்கு இப்படி மென்மையாக முடிவதில்லை. டிரெய்லரும் வைக்கோலுமாக 2.5 டன், எடையின் மையம் அச்சுக்கு மேலே 1.8 மீட்டர் என்றால், அதே 15 செ.மீ. சாய்வு அந்த மையத்தை 9 செ.மீ. பின்னால் தள்ளிவிடும், 250 கிலோவாக இருந்த முன்பாரம் 175 கிலோவாகச் சுருங்கும். எடை குறைந்த பாரம் என்று நாம் அலட்சியமாக நினைக்கும் வைக்கோல்தான் உயரத்தினால் அதிக ஆபத்தைச் சுமந்து செல்கிறது.

அடுத்து ஏற்றத்தைக் கவனிக்க வேண்டும். ஐந்து மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டர் ஏறும் கரைப்பாதையில், டிரெய்லரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதைப் பின்னோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பு எடையின் மையத்தில், அதாவது மேலே, செயல்படுகிறது. டிராக்டரின் இழுவையோ தாழ்வாக, கொக்கி மட்டத்தில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான உயர வேறுபாடு, பெட்டியின் முன்பகுதியைத் தூக்கப் பார்க்கிறது. மேலே சொன்ன மண் டிரெய்லரில், கொக்கி 50 செ.மீ. உயரத்திலும் எடையின் மையம் தரையிலிருந்து 1.2 மீட்டரிலும் இருந்தால், முன்பாரத்தில் 180 கிலோவுக்கு மேல் குறையும். மீதமிருப்பது சமாளிக்கப் போதும். வைக்கோல் டிரெய்லரில் மையம் 2.2 மீட்டரில் இருக்குமானால் குறைவது 270 கிலோவையும் தாண்டும். பெட்டி மட்டமாக இருந்தபோதே முன்பாரம் 250 கிலோதான் என்பதால், கரை ஏறும் வேளையில் கொக்கி டிராக்டரின் பின்பகுதியைக் கீழே அழுத்துவதற்கு மாறாக மேலே தூக்கத் தொடங்கும். பின்சக்கரம் திடீரெனச் சுழன்று, வண்டி பின்னோக்கி வழுக்குவதற்கு ஈர மண்ணை மட்டும் காரணம் காட்டுவது வழக்கமாக இருக்கிறது.

அப்படியானால் கொக்கியை மேலே ஏற்றினால் இழப்பு குறையுமே என்ற கேள்வி எழும். டிரெய்லரை மட்டும் பார்த்தால் அது உண்மை. டிராக்டரைப் பார்த்தால் அதுவே உயிருக்கு ஆபத்து. கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு இழுவை டிராக்டரின் முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்க முயலும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2 மீட்டர் உள்ள டிராக்டர், ஏற்றத்தில் 1,000 கிலோ இழுவை கொடுக்கும்போது, கொக்கி 50 செ.மீ. உயரத்தில் இருந்தால் முன்சக்கரங்கள் இழப்பது 250 கிலோ, 80 செ.மீ. உயரத்தில் இருந்தால் 400 கிலோ. ஏறத்தாழ 2 டன் எடையுள்ள டிராக்டரின் முன்சக்கரங்கள் சமதளத்தில் சுமப்பதே 700 முதல் 800 கிலோதான். சரிவினால் டிராக்டரின் சொந்த எடை பின்னால் சாய்வதும் கொக்கியில் இறங்கும் முன்பாரமும் இதோடு சேர்ந்துகொண்டால், ஸ்டீயரிங் இலேசாகிப் பின்னர் பயனற்றுப் போகும். அதற்கும் மேலே போனால் டிராக்டர் முன்பக்கம் எழுந்து ஓட்டுநர்மீதே கவிழும். அது நடந்து முடிய ஓரிரு விநாடிகளே ஆகும் என்பதால், கிளட்சை மிதிக்கக் கூட நேரமிருக்காது.

ஆகவே முதல் விதி இது: இழுக்கும் புள்ளி ஒருபோதும் பின் அச்சின் மையத்துக்கு மேலே இருக்கக் கூடாது. 13.6-28 அளவு டயர் போட்ட டிராக்டரில் அந்த மையம் தரையிலிருந்து 60 செ.மீ. அளவில் இருக்கும், கொக்கி அதற்கு நன்றாகக் கீழே இருப்பதே நல்லது. கலப்பையைப் பிடிக்கும் மேல் இணைப்புக் கம்பியின் துளையில் சங்கிலி போட்டு, சேற்றில் சிக்கிய டிரெய்லரை இழுப்பதை இன்றும் பார்க்க முடிகிறது. எந்த அவசரத்திலும் அதைச் செய்யக் கூடாது.

இரண்டாவது விதியும் இதிலிருந்தே வருகிறது. கொக்கியும் வளையமும் பொருந்தாவிட்டால், திருத்தம் பெரும்பாலும் டிரெய்லரின் பக்கத்தில்தான் நடக்க வேண்டும். டிராக்டர் நிறுவனம் கொக்கிக்கென்று அமைத்த உயரத்தை அடிப்படையாகக் கொண்டு, பெட்டியின் முன்தண்டை அதற்கு ஏற்ப அமைப்பதே முறை.

அளப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

அளவெடுக்கும் இடம் சமமாக இருக்க வேண்டும். நெல் காயப்போடும் சிமென்ட் களம் இதற்கு மிகவும் பொருத்தமானது. களத்திலும் தண்ணீர் வடிவதற்காகச் சிறிய வாட்டம் விட்டிருப்பார்கள் என்பதால், கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலைக் கொண்டு, டிராக்டரின் பின்சக்கரம் நிற்கும் இடமும் டிரெய்லர் சக்கரம் நிற்கும் இடமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

டிராக்டர், டிரெய்லர் இரண்டின் டயர்களிலும் கையேட்டில் சொல்லியுள்ள அளவுக்குக் காற்று நிரப்ப வேண்டும். சேற்று உழவுக்காகப் பின்டயரில் காற்றைக் குறைத்தவர்கள் அதை மறந்துவிட்டு அளந்தால், எல்லா அளவும் தவறாகும். டிரெய்லரின் இரண்டு டயர்களும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 9.00-16 புது டயரும் மறுபக்கம் கிடைத்த பழைய டயரும் போட்ட பெட்டியை எந்த மட்டத்துக்கும் கொண்டுவர முடியாது.

கையில் தேவைப்படுபவை டேப், ரசமட்டம், டியூப் லெவல், சாக்பீஸ், பாரம் தாங்கும் ஜாக், இரண்டு வலுவான முட்டுக் கட்டைகள், சக்கரங்களுக்கு அடைகொடுக்க மரக்கட்டைகள். ஜாக்கை மட்டும் நம்பி முன்தண்டுக்குக் கீழே யாரும் உட்காரக் கூடாது. அளக்கும் நேரம் முழுவதும் முட்டு நிற்க வேண்டும். டிராக்டரைப் பின்னால் எடுக்கும்போது இடையில் நின்று வழிகாட்டும் பழக்கம் கைகளை மட்டுமல்ல, உயிரையும் பறிக்கக் கூடியது.

அளவெடுக்கும் முறை

முதல் அளவு டிரெய்லருடையது. வெறும் பெட்டியில் அளந்தால் போதாது. வழக்கமாக ஏற்றும் பாரத்தை வழக்கமாக ஏற்றும் விதத்திலேயே ஏற்றி, சக்கரங்களுக்கு அடைகொடுத்து, டிராக்டரைக் கழற்றிவிட்டு, முன்தண்டை ஜாக்கில் நிறுத்த வேண்டும். பெட்டியின் பக்கச் சட்டத்தின்மீது ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்து, குமிழி நடுவில் வரும்வரை ஜாக்கை ஏற்றவோ இறக்கவோ செய்யுங்கள். பழைய பெட்டிகளின் சட்டம் வளைந்திருக்கும் என்பதால், முன்மூலையிலும் பின்மூலையிலும் சட்டத்தின் அடிவிளிம்பிலிருந்து தரை வரை டேப்பால் அளந்து, இரண்டும் சமமாக இருப்பதைச் சரிபார்ப்பது மேலும் நம்பகமானது. பெட்டி மட்டமான நிலையில் வளையத் துளையின் நடுக்கோட்டிலிருந்து தரை வரை உள்ள உயரத்தை அளந்து, சட்டத்திலேயே சாக்பீஸால் எழுதி வையுங்கள்.

சரக்கின் அளவை ஒரு குத்துமதிப்பாகவேனும் தெரிந்திருப்பது நல்லது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஈர மணலாக இருந்தால் அதுவே ஐந்து டன்னை நெருங்கிவிடும். நாட்டுச் செங்கல் ஒன்று 3 கிலோ என்று வைத்தால் ஆயிரம் கல் 3 டன். பட்டைச் சுருள் (லீஃப் ஸ்பிரிங்) வைத்த டிரெய்லர் இத்தகைய பாரத்தில் சில செ.மீ. இறங்கும், சுருள் இல்லாத பெட்டியிலும் டயர் அமுங்கும். வெறும் பெட்டியில் எடுத்த அளவு பாரத்தில் ஏன் பொருந்தவில்லை என்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது அளவு டிராக்டருடையது. கொக்கித் துளையின் நடுவிலிருந்து தரை வரையும், பின் அச்சின் மையத்திலிருந்து தரை வரையும் தனித்தனியே அளக்க வேண்டும். பின்னர் பாரமேற்றிய டிரெய்லரைக் கோத்து, கொக்கியின் உயரத்தை மீண்டும் அளக்க வேண்டும். முன்பாரம் இறங்கியதும் பின்டயர்கள் அமுங்கி, கொக்கி ஓரிரு செ.மீ. தாழும். கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தத் தாழ்ந்த அளவையே.

கலப்பையைத் தூக்கும் இரண்டு கீழ்க்கைகளுக்கு இடையே துளைப்பட்டை மாட்டி அதில் டிரெய்லரைக் கோப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தப் பட்டையின் உயரம் ஹைட்ராலிக்கைப் பொறுத்தது; நெம்புகோல் தவறிப் பட்டாலே மேலே எழும், எண்ணெய் கசிந்தால் கீழே இறங்கும். உயரத்தை அசையாமல் நிறுத்தும் தாங்கு கம்பிகள் இல்லாமல் அதில் பாரம் இழுப்பதை நான் ஏற்கமாட்டேன். நிறுவனம் பொருத்திய நிலையான கொக்கி இருக்கும்போது வேறு வழி தேட வேண்டிய தேவையும் இல்லை.

எவ்வளவு வேறுபாடு இருக்கலாம்

பாரமேற்றிய நிலையில் பெட்டி மட்டமாக இருப்பது, அல்லது முன்பகுதி ஓரளவு தாழ்ந்திருப்பது, சரியான அமைப்பு. 3 மீட்டர் நீளமுள்ள டிரெய்லரில், வளையத்தின் மட்ட அளவைவிடக் கொக்கி 5 செ.மீ. வரை தாழ்ந்திருக்கலாம். அதற்கு மேல் தாழ்ந்தால் பாரம் முன்னால் சரிந்து கொக்கியை மிகுதியாக அழுத்தும். முன்தண்டு வரப்பிலும் வாய்க்கால் மேட்டிலும் இடிக்கும். கொக்கி உயர்ந்திருப்பதற்கு இரண்டு செ.மீ.க்கு மேல் இடம் தரக் கூடாது என்பது என் கருத்து. வைக்கோலும் கரும்பும் ஏற்றுபவர்கள் அதைக் கூட அனுமதிக்காமல் இருப்பது நல்லது.

தண்ணீர் டேங்கரில் இந்தக் கண்டிப்பு இன்னும் அதிகமாக வேண்டும். முழுமையாக நிரம்பிய டேங்கரில் தண்ணீருக்கு நகர இடமில்லை. பாதி நிரம்பிய டேங்கர் முன்பகுதி தூக்கி நின்றாலோ தண்ணீர் முழுவதும் பின்பக்கம் ஓடிச் சேர்ந்துவிடும். பிரேக் பிடித்தால் அதே தண்ணீர் முன்னால் பாய்ந்து கொக்கியைத் தாக்கும். 4,000 லிட்டர் தொட்டியில் பாதி என்றாலும் ஓடித் திரிவது 2 டன் எடை. உள்ளே குறுக்குத் தடுப்புகள் இல்லாத தொட்டியை வாங்கவே வேண்டாம்.

திருத்தும் வழிகள்

கொக்கியின் தாங்கு தட்டில் மேலும் கீழுமாகப் பல துளைகள் இருந்தால், தேவைப்படும் வேறுபாட்டுக்கு ஏற்ற துளைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பின்னும் கொக்கி பின் அச்சின் மையத்துக்குக் கீழே இருப்பது கட்டாயம். போல்டுகளை அதே அளவிலும் அதே வலிமைத் தரத்திலும் போட வேண்டும், 8.8 என்று தலையில் பொறித்த போல்டைக் கழற்றிய இடத்தில் சாதாரண போல்டு போடக் கூடாது.

துளை மாற்றத்தால் தீராவிட்டால் டிரெய்லரின் முன்தண்டைத் திருத்த வேண்டும். பெட்டி முன்னால் தூக்கி நின்றால், வளையம் தண்டோடு சேரும் இடத்தை மேலே கொண்டுபோக வேண்டும்; வளையம் உயர்ந்தால், தாழ்ந்த கொக்கியில் நிற்கும் பெட்டி முன்னால் சாய்ந்துவிடும் என்பதையும், உயர்ந்த கொக்கியில் நிற்கும் பெட்டிக்கே அது மருந்து என்பதையும் பட்டறைக்காரரிடம் படம் வரைந்து காட்டிவிடுவது நல்லது. மேல், கீழ் என்று வாயால் சொல்லும்போது இருவரும் எதிரெதிராகப் புரிந்துகொள்வது சாதாரணமாக நடக்கிறது. எத்தனை செ.மீ. மாற்றம் என்பதையும், எந்தப் பக்கம் என்பதையும் தண்டின்மீதே சாக்பீஸால் குறித்துக்கொடுங்கள்.

உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ச் சாலைகளில் உள்ள பட்டறைகளில் இந்த வேலையைத் தெரிந்து செய்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கண்காணிக்க வேண்டியவை சிலவே. தண்டை வெறுமனே சூடாக்கி வளைக்கக் கூடாது. வளைத்த இடமே பின்னாளில் வெடிக்கும். துண்டு ஒட்டினால் இருபுறமும் முக்கோணத் தாங்கு தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வளையம் கம்பியை வளைத்து ஒட்டியதாக இல்லாமல், அடித்து உருவாக்கிய இரும்பாக இருக்க வேண்டும். டிராக்டரின் கொக்கியிலோ அதன் தாங்கு தட்டிலோ வெல்டிங் வைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

டிரெய்லரைப் புதிதாகச் செய்விப்பவர்கள் டிராக்டரையே பட்டறைக்குக் கொண்டுபோய் அளவு கொடுப்பது எளிது. பொதுவான அளவில் செய்து தருவதாகச் சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

எடை மேடையில் சரிபார்த்தல்

உயரம் சரியான பிறகு, முன்பாரம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். அரிசி ஆலைகளுக்கு அருகில் உள்ள எடை மேடையில் முதலில் டிராக்டரை மட்டும் நிறுத்தி எடை பார்க்க வேண்டும். பின்னர் பாரமேற்றிய டிரெய்லரைக் கோத்து, டிராக்டரின் நான்கு சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்குமாறு நிறுத்தி எடை பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கொக்கியில் இறங்கும் பாரம். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமலும், டிராக்டர் கையேட்டில் கொக்கிக்குச் சொல்லியுள்ள எல்லையைத் தாண்டாமலும் அது இருக்க வேண்டும். உயரம் சரியாக இருந்தும் இது குறைந்தால், குறை அடுக்குவதில் இருக்கிறது. வைக்கோலைப் பெட்டிக்குப் பின்னால் நெடுந்தூரம் நீட்டி அடுக்குவதே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் களத்திலேயே இருபுறமும் முழுமையாகத் திருப்பி, முன்தண்டு பின்டயரிலோ, கீழ்க்கைகளிலோ இடிக்கிறதா, டிப்பரின் ஹைட்ராலிக் குழாய் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். டிப்பரைத் தூக்கிக் கொட்டும்போது பாரம் அச்சுக்குப் பின்னால் போவதால் வளையம் கொக்கியை மேல்நோக்கி இழுக்கும். பின்னுக்குப் பூட்டுக் கிளிப் இல்லையென்றால் அந்த நேரத்தில்தான் அது கழன்று விழும்.

அடுத்துப் பாதிப் பாரத்துடன் ஒரு சிறிய கரை ஏறிப் பாருங்கள். ஏற்றத்தில் ஸ்டீயரிங் இலேசாவதை உணர்ந்தால், முன்பக்கம் எடைக்கட்டிகள் மாட்ட வேண்டும். சாலைக்குத் திரும்பியதும் இரண்டு பிரேக் பெடல்களையும் தாழ்போட்டு ஒன்றாக இணைக்க வேண்டும். பெரும்பாலான விவசாய டிரெய்லர்களில் பிரேக் கிடையாது. இத்தகைய டிராக்டரிலும் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே இருக்கிறது. எனவே இறக்கத்தில் நான்கைந்து டன் தள்ளுவதை நிறுத்துவது, முன்பாரத்தால் தரையில் அழுந்தி நிற்கும் அந்த இரண்டு டயர்கள்தான். உசிலம்பட்டியிலிருந்து ஆண்டிபட்டிக் கணவாய் வழியாகப் பாரம் கொண்டுசெல்பவர்கள், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கீழ்க் கியருக்கு மாறிவிட வேண்டும்; நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கும் இடம் அதுவன்று.

நான்கு சக்கர டிரெய்லர்

இதில் முன்தண்டு கீல் போட்டு மேலும் கீழும் அசையும் என்பதால், கொக்கியின் உயரம் பெட்டியைச் சாய்ப்பதில்லை. தண்டின் கோணத்தையே மாற்றுகிறது. தண்டு கொக்கியை நோக்கி மேலே சாய்ந்திருந்தால், இறக்கத்தில் டிரெய்லர் தள்ளும் விசையின் ஒரு பகுதி டிராக்டரின் பின்பகுதியை மேலே தூக்கும். ஒரு மீட்டருக்கு 10 செ.மீ. சாய்வு, 1,000 கிலோ தள்ளல் என்றால் தூக்குவது 100 கிலோ. வெளிநாடுகளில் மோட்டார் ஹோம் வண்டிக்குப் பின்னால் காரை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துச் செல்பவர்களுக்கு, இழுவைத் தண்டின் இரு முனைகளும் 3 அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது என்று தண்டு தயாரிப்பாளர்கள் சொல்வதும் இதே காரணத்தால்தான். கீலின் நடுவிலிருந்து தரை வரையும் கொக்கியிலிருந்து தரை வரையும் அளந்து, அந்த 3 அங்குலத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

மீண்டும் அளக்க வேண்டிய நேரங்கள்

பின்டயரை 13.6-28 அளவிலிருந்து 16.9-28 அளவுக்கு மாற்றினால் கொக்கி 5 செ.மீ.க்கு மேல் உயர்ந்துவிடும். டயர் கடைக்காரர் இதை நினைவூட்டமாட்டார். டிரெய்லரின் டயரை மாற்றினாலும், பட்டைச் சுருளில் தகடு கூட்டினாலும், பாரத்தின் வகை மாறினாலும் மறுபடி அளக்க வேண்டும். அறுவடைக்கு முன் ஒருமுறை பின்னையும் வளையத்தையும் துடைத்துத் தேய்மானம் பாருங்கள். வளையத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் வளையத்தை மாற்றிவிட வேண்டும். தேய்ந்த துளையில் தடித்த பின்னைத் திணிப்பதால் கொக்கியின் துளையும் சேர்ந்து கெடும்.